சாவா மூவாப் பேராடும் சஞ்சாயிகாவும்

தலைப்பைப் பார்த்து ஓடிவிடாதீர்கள், இது பள்ளிப் பிள்ளைகளின் பணக் கணக்கு பற்றிய கட்டுரைதான் :-)

திருவண்ணாமலைக் கோயிலில் சோழர் காலத்து விளக்குத் தானக் கல்வெட்டுகள் உண்டு. அந்தக் கால வழக்கப்படி ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு கொடுப்பார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கை குறையாது. அதனால்தான் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். முதல் அப்படியே இருக்கிறது, வருமானத்தில் விளக்கு எரிகிறது. அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஒளிவுமறைவு இல்லை.

பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் கணக்கு என்றால் பிழைப்புக்கான கணக்குதான். எண்சுவடியில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று பிரித்து, 1/320 ஆன முந்திரி வரைக்கும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். (நமக்கு வாய்ப்பாடே தகராறு!) சந்தையில் யாரும் ஏமாற்ற முடியாத அளவுக்குப் பயிற்சி. ஆனால் திண்ணையில் இடம் கிடைத்தது எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இல்லை, அதையும் மறக்கக் கூடாது.

அடுத்து வந்தது சஞ்சாயிகா. 1970களில் பள்ளிகளில் பரவிய சிறுசேமிப்புத் திட்டம். நம் அப்பா அம்மாவைக் கேட்டால் சொல்வார்கள். மிட்டாய்க்குக் கொடுத்த காசை வகுப்பில் கட்டினால் பாஸ்புக்கில் வரவு வைப்பார்கள். ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே பணம் வாங்கி, பேரேடு எழுதி நடத்தும் வங்கி என்பதுதான் இதன் அழகு. சேர்ந்த பணம் தபால் நிலையத்துக்குப் போகும். செப்டம்பர் 15 சஞ்சாயிகா தினம். என்னைக் கேட்டால், பணத்தைப் பற்றி நம் பள்ளிகள் கையால் செய்து கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான். ஆனால் அது பணத்தைப் போடத்தான் பழக்கியது. போட்ட பணம் எப்படி வளர்கிறது என்பது தபால் நிலையத்துக்குள் நடக்கிற ரகசியமாகவே இருந்துவிட்டது.

2022-ல் என்ன நடந்தது? ஆருத்ரா நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்ற பேச்சை நம்பி சுமார் ஒரு லட்சம் பேர் கட்டிய பணம் 2,438 கோடி ரூபாய் என்றார்கள். நம் மாவட்டத்து ஆரணி, செய்யாறு பக்கமும் பணம் போட்டவர்கள் இருந்தார்கள்.

மாதம் 30 சதவீதம் என்றால் தனிவட்டியிலேயே வருடத்துக்கு 360 சதவீதம். கூட்டு வட்டியில் போட்டால் 1 லட்சம் பன்னிரண்டே மாதத்தில் 23 லட்சத்தைத் தாண்டும்! ஏழாம் வகுப்பில் தனிவட்டி, எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி, எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அசல், காலம், வட்டி வீதம் மூன்றையும் கொடுத்து விடையைக் கேட்கிறார்கள், நாமும் போட்டு மார்க் வாங்கினோம். இந்த வீதத்தைத் தருகிறவர் எந்தத் தொழிலில் சம்பாதித்துத் தருவார் என்று கேட்கும் கணக்கு ஒன்றையும் நான் பரீட்சையில் பார்த்ததில்லை.