டப்பா மேல போட்ட நம்பர்

போன மாசம் ராத்திரி கரண்ட் போனப்போ மொட்டை மாடி டேங்க்கைப் பாக்க அப்பாவும் நானும் ஏறினோம். என் கையில புதுசா வாங்கின குட்டி எல்.ஈ.டி டார்ச், டப்பாவுல 1000 லூமென்னு போட்டிருந்தது. அவரோடது பழசு, வெறும் 120. பத்தே நிமிஷத்துல என்னோடது அவரோடதை விட மங்கிப் போச்சு. "இதுக்குத்தான் இஞ்சினியரிங் படிச்சியா?"ன்னார். அப்போ 1000ங்கிறது பொய்யான்னு தேட ஆரம்பிச்சேன். பொய் இல்லையாம். அதுதான் இன்னும் கடுப்பு.

டார்ச்சுக்கு அமெரிக்காவுல ஃபிளாஷ்லைட்னு பேரு. 1899ல டேவிட் மிசெல் பேட்டன்ட் வாங்கின காலத்துல பேட்டரிக்கு தெம்பு கிடையாது, கொஞ்ச நேரம் பளிச்சுன்னு அடிச்சுட்டு ஓய்வு எடுக்கும். அதான் அந்தப் பேரு. ஆக "எவ்ளோ நேரம் எரியும்"ங்கிற சண்டை அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு.

1993ல ஜப்பான் நிச்சியா கம்பெனியில ஷுஜி நகமுரா பளிச்சுன்னு எரியுற நீல எல்.ஈ.டி கொண்டு வந்தார் (2014ல நோபல்). 1996ல அதே கம்பெனி நீலத்து மேல மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை ஆக்கிச்சு. கூடவே நம்பர் விளையாட்டும் வந்துச்சு. குட்டி எல்.ஈ.டி எல்லாம் 20000 மில்லிகேண்டெலான்னு விப்பாங்க. அது ஒரே திசையில எவ்ளோ வெளிச்சம்ங்கிற கணக்கு. 15 டிகிரி கூம்புல 20000னா மொத்த வெளிச்சம் சுமார் 1 லூமென், அவ்ளோதான்! அதையே 30 டிகிரிக்கு விரிச்சா நம்பர் 5000 ஆயிடும், வெளிச்சம் அதே. அப்புறம் லூமெனுக்கு மாறினாங்க. அதுலயும் எல்.ஈ.டி தயாரிச்சவன் சொன்ன லூமெனைப் போட்டாங்க. லென்ஸ், ரிஃப்ளெக்டர் முழுங்கினது போக வெளிய வர்றதைச் சொல்லலை.

2009ல அமெரிக்க டார்ச் கம்பெனிகள் சேர்ந்து எஃப்.எல்.1னு ஒரு தரக்கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க. வெளிய வர்ற லூமென் மட்டும்தான் கணக்கு. எவ்ளோ தூரம்னா, வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு, அதாவது பௌர்ணமி நிலா அளவுக்குக் குறையுற தூரம். (எனக்குப் பிடிச்ச வரையறை இதுதான்.) உழைப்புக்கு, பேட்டரியோட குறைஞ்சது 1 மீட்டர்ல இருந்து கான்க்ரீட்ல போட்டும் எரியணும்.

ஓட்டை எங்கன்னா, லூமெனை அளக்குறது ஸ்விட்ச் போட்ட 30 செகண்ட்ல இருந்து 2 நிமிஷத்துக்குள்ள. எரியுற நேரம் முடியுறது வெளிச்சம் 10 சதவீதம் ஆகும்போது. குட்டி டார்ச் சூடாகும், சூட்டுல எல்.ஈ.டி கெட்டுப் போகக்கூடாதுன்னு சர்க்யூட்டே கரண்ட்டைக் குறைச்சிடும். அது நியாயம்தான். ஆனா 1000 லூமென் டார்ச் 100க்கு இறங்குற வரைக்கும் "எரியுது"ன்னுதான் கணக்கு. அப்பாவோடது 120!

குறைக்காம விட்டா என்ன ஆகும்னா, அந்தக் காலத்து சாவிக்கொத்து லைட் கதைதான். 20 மில்லிஆம்ப் தாங்குற எல்.ஈ.டிக்கு ரெசிஸ்டர் கூட இல்லாம பட்டன் செல்லைக் கொடுப்பாங்க. ஃபிலமென்ட் இல்லை, கீழ போட்டா உடையாது, ஆனா சூட்டுல நாளாக நாளாக மங்கிடும்.

நேத்து பாத்ரூம்ல கூரையைப் பாத்து டார்ச்சை நிறுத்தி, மொபைல் லக்ஸ் மீட்டர்ல அளந்தேன். மூணாவது நிமிஷத்துல ஆரம்பத்துல இருந்ததுல மூணுல ஒரு பங்கு கூட இல்லை. அப்பா கதவைத் தட்டி, "உள்ள என்னடா பண்றே?"ன்னார். இன்னும் சொல்லலை :-)