உம்மம்மாமார் வாசித்த கிதாபுகள்



பள்ளிக்கூடம் போகாத உம்மம்மாமார் எல்லாரும் வாசிக்கத் தெரியாதவர்கள் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பல பாடசாலைகள் மிஷனரிமார் கையில் இருந்தன. மார்க்கம் போய்விடுமோ என்ற பயத்தில் நம்மவர்கள் பிள்ளைகளை, அதிலும் பெண் பிள்ளைகளை, அனுப்பத் தயங்கினார்கள். ஆனால் குர்ஆன் ஓதிய பிள்ளைக்கு அரபு எழுத்து தெரியும்; வீட்டில் பேசுவது தமிழ். இரண்டையும் சேர்த்ததுதான் அரபுத் தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுதினார்கள். காதால் கேட்டுப் பாடமாகியிருந்த மாலைகளைப் பிள்ளை கிதாபைப் பார்த்துத் தானே வாசிக்க முடிந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய கிதாபுகள் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தன.

அதற்கு எல்லையும் இருந்தது. மார்க்க அறிவு கிடைத்தது. கணக்கும் விஞ்ஞானமும் உத்தியோகமும் கிடைக்கவில்லை. அதனால்தான் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, நவீன கல்விக்காக வாதாடினார். இலவசக் கல்வி 1945இல் வந்தது.

இன்று பாடசாலை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகளை நாங்கள் வகுப்பில் பார்க்கிறோம். உம்மம்மா பாடமாகச் சொல்லும் பைத்தைப் பிள்ளை தமிழில் எழுதி, விரல் வைத்து வாசிக்கட்டும். தெரிந்த சொல்லில் எழுத்து சீக்கிரம் பிடிபடும்.

யுத்தமும் 2004 சுனாமியும் நிலாவெளிக் கரையில் மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். வீட்டில் பழைய கிதாபு இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.