காதுக்குள் ஒரு பிளாட்டினம் கம்பி

தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். சில குழந்தைகளின் காதுக்குப் பின்னால், தலைமுடிக்கு நடுவே, பெரிய நாணயம் போல ஒரு வில்லை ஒட்டிக்கொண்டிருக்கும். அது காக்ளியர் இம்ப்ளான்ட்டின் வெளிப்பாகம். செவி நரம்பைத் தூண்டும் முக்கியமான பாகம் தோலுக்கு உள்ளே இருக்கிறது.

நரம்புக்கு மின்சாரம் கொடுத்துக் கேட்க வைக்கலாம் என்பது 1957-லேயே நிரூபணமாகிவிட்டது. பாரிஸில் ஜோர்னோ, ஏரியேஸ் என்ற இருவர் பொருத்திய கருவியில் நோயாளிக்குச் சத்தம் கேட்டது. ஆனால் கருவி சீக்கிரமே பழுதாகிவிட்டது. 1961-ல் லாஸ் ஏஞ்சலஸில் டாக்டர் வில்லியம் ஹவுஸ் முயன்றார். கம்பியைச் சுற்றியிருந்த பொருளை உடல் ஏற்கவில்லை! கருவியை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அதாவது, சிக்கல் மின்சாரத்தில் இல்லை, பொருளில் இருந்தது. நம் உடலுக்குள் இருப்பது வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அதில் செம்பு அரிக்கும், அரித்தது திசுவுக்கு விஷமாகும். பிளாட்டினம் எளிதில் அரிக்காது. சிலிக்கோன் ரப்பர் மென்மையானது, மின்சாரத்தையும் கசிய விடாது. டைட்டானியம் தன் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும்.

மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978 ஆகஸ்ட் 1 அன்று பொருத்திய கருவியில், சிலிக்கோன் மேல் பிளாட்டினம் வளையங்கள் இருந்தன. 1982-ல் வந்த அடுத்த மாடலில் மின்னணுப் பாகங்கள் டைட்டானியம் பெட்டிக்குள் போயின. கம்பி வெளியே வரும் துளைகளைப் பீங்கான் கொண்டு அடைத்தார்கள். இந்த வித்தை பேஸ்மேக்கர் தொழிலில் இருந்து வந்தது.

சென்னையில் டாக்டர் மோகன் காமேஸ்வரன் போன்றவர்கள் இந்தச் சிகிச்சையை வளர்த்தார்கள். ஆனால் விலை பல லட்சம். நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாதது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதுவும் சேர்க்கப்பட்டது. வயது வரம்புக்குக் காரணம் உண்டு. பேச்சைப் பழகும் வயது தாண்டிவிட்டால் மூளை அதைப் பிடிப்பது கடினம்.

உள்ளே போன பிளாட்டினமும் டைட்டானியமும் பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடியவை. வெளியே இருக்கும் கருவி அப்படியல்ல. ஒயர் அறுந்துபோகும், வியர்வையில் கெடும், பேட்டரி தீரும். அது நின்றால் உள்ளே இருப்பதும் ஊமைதான். ஆபரேஷனுக்குப் பணம் கிடைப்பதோடு கதை முடிவதில்லை. அந்தக் குழந்தை பள்ளி முடிக்கும் வரைக்கும், அதற்குப் பிறகும், இந்தச் செலவு தொடரும்.