பங்கேற்பு உற்றுநோக்கல்

ஆய்வாளர் தாம் ஆராயும் மக்களோடு தங்கி, அவர்களின் வேலையிலும் சடங்கிலும் கலந்துகொண்டு தரவு திரட்டும் மானிடவியல் முறை. டிராபிரியண்ட் தீவுகள் பற்றி மலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்ட நூலுக்குப் பின் பரவலாயிற்று. எவ்வளவு தூரம் கலப்பது என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை.

சபரிமலை யாத்திரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கார்த்திகை, மார்கழியில் ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் வழியாகத் தென்காசி செல்லும் சாலையில் மாலை போட்ட சாமிமாரைக் காணலாம். ஓரமாக நின்று அவர்களை எண்ணலாம், பேட்டியும் எடுக்கலாம். ஆனால் விரதமும் வெறுங்கால் நடையும் உடம்பையும் மனத்தையும் என்ன செய்கின்றன என்பது கேள்வி–பதிலில் அவ்வளவாகச் சிக்காது. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் இ. வாலண்டைன் டேனியல், தாம் ஆராய்ந்த தமிழ்க் கிராமத்தாருடன் தாமும் யாத்திரை சென்றார். நடையின் வலியும் ‘நான்’ என்னும் உணர்வு கரைவதும் 1984இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலில் இடம்பெற்றது அதனால்தான். அதே வலியை எல்லாச் சாமிமாரும் அப்படியே உணர்ந்தார்களா என்பதற்கு அவர் உடம்பு சான்றாகாது. இம்முறையின் பலவீனம் இதுவே.

பங்கேற்பு ஒரு கதவைத் திறந்து மற்றொன்றை அடைப்பதும் உண்டு. தஞ்சை மாவட்டத்தில் ‘ஸ்ரீபுரம்’ எனப் புனைபெயரிட்ட ஊரை ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கினார். சேரிக்குள் இயல்பாகப் புழங்க அந்த இருப்பிடமே தடையாயிற்று. 1965இல் வந்த நூலில் தாம் எங்கிருந்து பார்த்தார் என்பதை அவர் மறைக்கவில்லை.