மேச்சேரி செம்மறி ஆடு

சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயரைக் கொண்ட, கொங்கு நாட்டின் இறைச்சியின ஆடு. இளம்பழுப்பு நிறம், குட்டை மயிர், பெரும்பாலும் கொம்பிராது. தோலின் தரத்தில் இந்திய இனங்களுள் முன்வரிசையில் நிற்பது. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காட்டில் மேய்கிறது. கிளுவை வேலியடைத்த மானாவாரி நிலம் அது. கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேலமும் நிற்கும். படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டியதில்லை. சிறு குடும்பங்கள் பட்டி வைக்க முடிவது இதனால்தான். கோடையில் உதிரும் வேலங்காயை ஆடுகள் தேடித் தின்னும். புழுக்கையோடு விழும் விதை முளைத்துக் காட்டைப் புதுப்பிக்கும். சினைக்காலம் ஐந்து மாதம். ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டி. பட்டியில் பிறந்த கிடாயையே இனச்சேர்க்கைக்கு விட்டால் குட்டிகள் நலியும், வெளிக்கிடாய் அவசியம். இவ்வினத்துக்கான அரசு ஆராய்ச்சி நிலையம் பொட்டனேரியில் உள்ளது.