30 டாலரில் 25

அக்டோபர் முதல் வாரம். மகன் கார் ஓட்ட, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 12-ஆம் எண் சாலையில் போனோம். பாங்விச் ஊரிலிருந்து டோரி வரை சுமார் 200 கிலோமீட்டர். முதலில் செம்பாறைப் பாலைவனம். போல்டர் மலையில் ஏறினால், 9,600 அடி உயரம் வரை ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் பூத்து நிற்கின்றன. இலையுதிர் காலத்தில் இதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது.

கிளம்புமுன் இந்தச் சாலையின் கதையைக் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். வழியில் எஸ்கலாண்டே, போல்டர் என்று இரண்டு சிற்றூர்கள். நடுவே ஆழமான பள்ளத்தாக்குகள். 1930-களிலும் போல்டருக்குத் தபால் கோவேறு கழுதை முதுகில்தான் வந்தது.

அப்போது பெரும் பொருளாதார மந்தம், எங்கும் வேலையில்லை. 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட், வேலையற்ற இளைஞர்களுக்காக ஒரு படையை அமைத்தார். காடு வளர்ப்பது, சாலை போடுவது அதன் பணி. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பெரும்பாலும் 25 டாலரை அரசே நேராகப் பையனின் வீட்டுக்கு அனுப்பிவிடும். கைச்செலவுக்கு 5 டாலர்.

அந்தப் பையன்கள்தான் அதே ஆண்டு ‘ஹெல்ஸ் பேக்போன்’ என்ற மலைமுகட்டில் பாதை வெட்டிப் பாலமும் கட்டினார்கள். பெயரின் பொருள் ‘நரகத்தின் முதுகெலும்பு’. பனிக்காலத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். எனவே கீழே இன்னொரு சாலை போட்டார்கள். அது 1940-இல் திறந்தது. அதன் பிறகே போல்டருக்கு வருடம் முழுவதும் கார் போகும் வழி கிடைத்தது. மலைக்கு அப்பால் மிச்சமிருந்த மண்பாதைக்குத் தார் போட்டு முடிக்க 1985 ஆயிற்று.

கீழ்ச்சாலையில் ஓரிடத்தில் இருபுறமும் அதலபாதாளம். சாலை நடுவே கயிறுபோல் ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது நினைவுக்கு வந்தது அப்பாதான். வெளியூர் வேலை. மெஸ் செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதியை மாதம் பிறந்ததும் மணியார்டர் செய்துவிடுவார். தபால்காரர் வரும்வரை அம்மா திண்ணையை விட்டு எழமாட்டாள். இந்தப் பையன்களின் வீடுகளிலும் ஒரு அம்மா அப்படித்தானே காத்திருந்திருப்பாள்?

“என்னப்பா, போட்டோ எடுக்கலையா?” என்றான் மகன்.

“கொஞ்சம் நிறுத்துப்பா” என்றேன். அகலமான இடம் பார்த்து நிறுத்தினான். மலையை விட்டுவிட்டு, அந்தச் சாலையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.