போருக்கு நடுவே பிறந்த ‘அமைதிப் பாடல்’... யார் இந்த ழான் லாங்லே?

பாரிஸ் நகரம் நாஜிக்களின் பிடியில் இருந்த நேரம். 1942-43ல் ஆர்கன் கருவிக்காக 9 இசைப் படைப்புகளை எழுதினார் ழான் லாங்லே. அதில் ஒன்றுதான் ‘ஷான் த பே’. தமிழில் சொன்னா, அமைதிப் பாடல்!

யார் இவர்?

1907ல் பிரான்ஸின் பிரிட்டானி பகுதியில் பிறந்தவர். குளுக்கோமாவால் 2 வயதிலேயே பார்வை போய்விட்டது. பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் ஆர்கன் கற்றார். பிரெய்லிலேயே இசை எழுதினார்.

என்ன ஸ்பெஷல்?

அதிரடி எதுவும் கிடையாது. மென்மையான ஒலி, மெதுவான நடை, சில நிமிடங்கள்தான். ஆனா இதே தொகுப்பில், 1940ல் போர்முனையில் உயிரிழந்த இசைக்கலைஞர் ஜெஹான் அலெய்னுக்கான அஞ்சலியும் இருக்கிறது. பாரிஸ் விடுதலையானது 1944 ஆகஸ்ட்டில். அமைதி வருவதற்கு முன்பே எழுதப்பட்ட பாடல் இது!